18.40 லட்சம் நிலுவை, பி.ஓ.வில் புனே ஆர்பிட்ரேஷன்: கவுன்சிலா, நடுவரா, வணிக நீதிமன்றமா?

பில்புக் (இழையைத் தொடங்கியவர்) – டிசம்பர் 2025

விவரத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். விற்றவர் கோவையில் பம்ப் உதிரிபாகம் தயாரிக்கும் குறு நிறுவனம், உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப்) பதிவு 2021. வாங்கியவர் புனேயில் உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பி.ஓ. (கொள்முதல் ஆணை) 2022 டிசம்பர், 60 நாள் கடன்.

பில்கள் மூன்று: 2023 ஜனவரி 16 (6,20,000), 2023 மே 8 (7,40,000), 2023 ஆகஸ்ட் 21 (4,80,000). மொத்தம் 18,40,000. ஒரு ரூபாயும் வரவில்லை. 2024 பிப்ரவரியில் தரக் குறை என்று 2.5 லட்சத்துக்கு டெபிட் நோட் (அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் சீட்டு) அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூனில் அவர்களுடைய பர்ச்சேஸ் மேலாளர் ஈமெயிலில், "18.40 நிலுவை இருக்கிறது, நிதி வந்ததும் தருகிறோம்" என்று எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுத் தேதி போடாத 5 லட்சம் ரூபாய் செக் ஒன்று செக்யூரிட்டியாகக் கையில் இருக்கிறது.

பி.ஓ.வின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில்: தகராறு வந்தால் வாங்குபவரின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒற்றை நடுவர், இருக்கை (ஆர்பிட்ரேஷனுக்கான சட்டபூர்வ இடம்) புனே.

எங்கே போவது? ஐபிசி (திவால் சட்டம்) போட்டு மிரட்டினால் உடனே பணம் வரும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

வாதமேடை

ஐபிசியை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்ச நிலுவை 1 கோடி. 18.40 லட்சத்துக்கு என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) கதவு திறக்காது. தொகை 1 கோடிக்கு மேல் இருந்தாலும், டிமாண்ட் நோட்டீஸுக்கு முன்பே தரம் பற்றிய தகராறு காகிதத்தில் இருந்தால் மனு நிற்காது. 2017-ல் மோபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் டெபிட் நோட் என்ற அந்தக் காகிதமும் இருக்கிறது. திவால் சட்டத்தை வசூல் கருவியாகக் காட்டி நோட்டீஸ் அனுப்பினால், எதிர்ப்பக்க வக்கீலுக்கு உங்களிடம் சரக்கு இல்லை என்று புரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது காலவரம்பு. கடன் நாள் குறித்த விற்பனைக்கு காலவரம்புச் சட்டம் 1963, ஷரத்து 15: கடன் நாள் முடிந்ததிலிருந்து 3 ஆண்டு. மூன்று பில்லுக்கும் கெடு தனித்தனி.

ஜனவரி பில்: 60 நாள் முடிவது 2023 மார்ச் 17; வழக்குக்குக் கடைசி நாள் 2026 மார்ச் 17. மே பில்: 2026 ஜூலை 7. ஆகஸ்ட் பில்: 2026 அக்டோபர் 20. ஆனால் விற்றவர் குறு நிறுவனம் என்பதால் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டத்தின் 15-வது பிரிவு 60 நாளை ஏற்காது, உச்சவரம்பு 45 நாள்தான். எதிர்ப்பக்கம் அதையே திருப்பிப் போட்டு, "அப்படியானால் உங்கள் கெடு மார்ச் 2-லேயே முடிந்துவிட்டது" என்று வாதாடலாம். அதனால் ஜனவரி பில்லுக்கு 2026 மார்ச் 2-ஐயே கடைசி நாளாக எழுதி வையுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலவரம்பு நீளாது. இதை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

பில்புக்

ஜூன் 2024 ஈமெயில் இருக்கிறதே, வக்கீல் சார்? அதிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்காதா?

வாதமேடை

கிடைக்கலாம். காலவரம்புச் சட்டம் 18-வது பிரிவின்படி, காலவரம்பு முடிவதற்கு முன், கடன்பட்டவரோ அவரால் முறையாக அதிகாரம் பெற்ற ஏஜென்டோ எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிய கணக்கு. ஈமெயிலை எழுத்தாகவும், அனுப்பியவரின் கணக்கைக் கையெழுத்துக்குச் சமமாகவும் ஏற்ற தீர்ப்புகள் உண்டு. சிக்கல் வருவது ஆளில். பர்ச்சேஸ் மேலாளருக்குக் கடனை ஒப்புக்கொள்ள அதிகாரம் இருந்ததா என்று கேட்பார்கள். அவர்தான் பி.ஓ.வில் கையெழுத்திட்டவர், அவரே கணக்குப் பிரிவுக்கு நகல் போட்டிருக்கிறார் என்றால் உங்கள் பக்கம் வலு கூடும்.

அந்த ஈமெயிலை இரண்டாவது அரணாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 2-க்குள் செய்ய வேண்டியதை அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். இன்று அவர்களிடம் நிலுவை உறுதிக் கடிதம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இயக்குநர் கையெழுத்துடன் வந்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம்.

லெட்ஜர்_லட்சுமி

கணக்குப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ஒன்று, டெபிட் நோட். எம்எஸ்எம்இடி சட்டம் 2(பி) விளக்கத்தில், சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். கடைசிச் சரக்கு ஆகஸ்டில் போனது, டெபிட் நோட் அடுத்த பிப்ரவரியில் வந்தது. நடுவில் எழுத்து ஆட்சேபம் ஏதும் உண்டா என்று ஈமெயில், வாட்ஸப் இரண்டையும் ஒரு வரி விடாமல் தேடுங்கள். "வால்வு சீட் கசியுது, பாருங்க" என்று உற்பத்திப் பிரிவுக்கு வந்த ஒற்றை வாட்ஸப் செய்தி போதும், கதை மாறிவிடும். அப்படி ஒன்று இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டு, அந்த பில்களின் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை வாங்குபவர் எடுத்திருப்பார். 180 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால் சிஜிஎஸ்டி 16(2)-ன்படி அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வரவை எடுத்துக்கொண்டு "சரக்கை ஏற்கவில்லை" என்று சொல்வது பொருந்தாது. இ-வே பில், லாரி ரசீது, அவர்கள் சீல் போட்ட டெலிவரி சலான் மூன்றையும் பில் வாரியாகச் சேர்த்துப் பின் பண்ணுங்கள்.

மூன்று, வருமான வரி 43பி(எச்). 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிய நிலுவையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம். உங்கள் மே, ஆகஸ்ட் பில்கள் 2023-24 நிதியாண்டில் வருவதால் இதற்குள் சிக்கும். ஜனவரி பில் சிக்காது. நோட்டீஸில் உத்யம் எண்ணைப் போட்டு இதைச் சாதாரணமாக ஒரு வரியில் குறிப்பிட்டால் அவர்களுடைய ஆடிட்டரே நிர்வாகத்திடம் பேசுவார். வரித்துறையிடம் சொல்லிவிடுவேன் என்ற தொனி மட்டும் வேண்டாம்.

கொங்கு_டூல்ஸ்

கவுன்சிலில் (எம்எஸ்எம்இடி சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களின் நிலுவைத் தகராறைத் தீர்க்கும் அரசு அமைப்பு) மனு போட்டு உட்கார்ந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது என்கிறார்கள். 90 நாள் என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில்தான். நேராக கோவை வணிக நீதிமன்றத்தில் பிராது போட்டால் என்ன?

நடுவர்கோப்பு

போடலாம், ஆனால் நிற்காது. பி.ஓ.வில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் முறை) பிரிவு இருக்கிறது. எதிர்ப்பக்கம் தன் முதல் எதிருரையைத் தாக்கல் செய்வதற்குள் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8-வது பிரிவில் மனு போட்டால் நீதிமன்றம் நடுவரிடம் அனுப்பித்தான் ஆக வேண்டும். அவர்கள் மறந்துபோய் எதிருரை போட்டுவிட்டால் மட்டுமே வழக்கு அங்கே ஓடும். அந்த மறதியை நம்பி 3% நீதிமன்றக் கட்டணம் (இந்தத் தொகைக்கு 55,200 ரூபாய்) கட்டச் சொல்ல மாட்டேன்.

இங்கே விற்றவருக்கு உள்ள பெரிய பலம் வேறு. எம்எஸ்எம்இடி 18-வது பிரிவு, ஒப்பந்தத்தில் இருக்கும் ஆர்பிட்ரேஷன் பிரிவையும் மீறி நிற்கும் என்று 2022-ல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 18(4)-ன்படி விற்பவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே அதிகாரம். வாங்குபவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. புனே இருக்கையைத் தாண்டி கோவை மண்டலக் கவுன்சிலிலேயே இதை நடத்தலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு மண்டலக் கவுன்சில்கள்.

அதற்கு மூன்று தகுதிகள். குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். நடுத்தர நிறுவனம் இந்தப் பிரிவில் வராது. உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கும் சப்ளைக்கும் முந்தியதாக இருப்பது பாதுகாப்பு: சில்பி இண்டஸ்ட்ரீஸ் (2021) அப்படித்தான் சொன்னது, 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. உங்களுடையது 2021 பதிவு, 2022 பி.ஓ. என்பதால் அந்தச் சண்டை உங்களைத் தொடாது. மூன்றாவது, தயாரிப்போ சேவையோ செய்பவராக இருக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு உண்டு, ஆனால் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்.

வட்டியைப் பாருங்கள். எம்எஸ்எம்இடி 16-வது பிரிவு: ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75%. அப்படியானால் ஆண்டுக்கு 20.25%. ஜனவரி பில்லுக்கு மட்டும் முதல் மாத வட்டியே 10,462 ரூபாய், அடுத்த மாதம் அதற்கும் சேர்த்து. ஒப்பந்தத்தில் வட்டியே கிடையாது என்று எழுதியிருந்தாலும் இது செல்லும்.

கவுன்சிலின் தீர்வு (இறுதி முடிவு) வந்த பிறகு எதிர்ப்பக்கம் அதை எதிர்த்துப் போக நினைத்தால் 19-வது பிரிவின்படி தீர்வுத் தொகையில் 75% முன்கூட்டியே கட்ட வேண்டும். சாதாரண ஆர்பிட்ரேஷனில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. கொங்கு_டூல்ஸ் சொல்லும் தாமதம் உண்மைதான். ஆனாலும் இந்த 75%-க்காக நான் கவுன்சிலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கொங்கு_டூல்ஸ்

கவுன்சில் தீர்வே செல்லாது என்று ரத்தான வழக்குகளும் இருக்கின்றனவே?

நடுவர்கோப்பு

இருக்கின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றே: சமரசக் கட்டத்தையும் ஆர்பிட்ரேஷன் கட்டத்தையும் கவுன்சில் பிரிக்காமல் ஒரே உத்தரவில் முடித்துவிடும். 2021-ல் ஜார்க்கண்ட் ஊர்ஜா விகாஸ் நிகாம் வழக்கில், வாங்குபவர் வரவில்லை என்பதற்காக நேராகப் பணம் கட்டச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. சமரசம் முடிந்ததும் 1996 சட்டப்படி ஆர்பிட்ரேஷனைத் தனியாக நடத்த வேண்டும்: கோரிக்கை மனு, எதிருரை, ஆவணம், காரணம் எழுதிய தீர்வு.

ஆகவே மனுதாரர் வக்கீல் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. சமரசம் தோற்றது என்று தேதியோடு பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆர்பிட்ரேஷன் தொடங்கிய தேதியைத் தனியாகப் பதியச் சொல்லுங்கள். கோரிக்கை மனுவைப் புதிதாகத் தாக்கல் செய்யுங்கள். சமாதான் தளத்தில் (நிலுவைப் புகாருக்கான அரசு இணையதளம்) ஏற்றிய இரண்டு பக்க விண்ணப்பத்தையே கோரிக்கை மனுவாக எடுத்துக்கொள்ளும்படி விடாதீர்கள். எதிர்ப்பக்கத்துக்கு நோட்டீஸ் போன தபால் ட்ராக்கிங்கை அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள். இந்த நான்கு காகிதமும் இருந்தால் தீர்வை உடைப்பது கடினம்.

வாதமேடை

நடுவர்கோப்பு சொன்னதோடு காலவரம்பையும் சேர்த்துப் பாருங்கள். கவுன்சிலில் மனு கிடக்கிறது என்று நம்பி மார்ச் 2-ஐ விட்டுவிடக் கூடாது. நாளைக்கு ஏதோ காரணத்தால் கவுன்சில் தனக்கு அதிகாரமில்லை என்று சொன்னால் ஜனவரி பில் போயே போய்விடும்.

நடுவர்கோப்பு

சரியான கவலை. அதற்கு மருந்து 1996 சட்டத்தின் 21-வது பிரிவு நோட்டீஸ். ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கோரும் நோட்டீஸை எதிர்ப்பக்கம் பெற்றுக்கொண்ட நாளில் ஆர்பிட்ரேஷன் தொடங்கியதாகச் சட்டம் கருதுகிறது, காலவரம்பும் அங்கே நிற்கிறது. அனுப்பிய நாள் கணக்கில்லை. எனவே ஜனவரி முதல் வாரத்திலேயே பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், ஈமெயில் மூன்றிலும் அனுப்பி, பெற்றதற்கான அத்தாட்சியை எடுத்துவிடுங்கள்.

நோட்டீஸில் இவை இருக்க வேண்டும்: பி.ஓ. எண், தேதி, ஆர்பிட்ரேஷன் பிரிவின் வாசகம், மூன்று பில்லும் தொகையும், வட்டிக் கோரிக்கை, "இந்தத் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கோருகிறோம்" என்ற நேரடி வாக்கியம், நடுவராக மூன்று பெயர், பதிலுக்கு 30 நாள். கூடவே எம்எஸ்எம்இடி 18-வது பிரிவின் கீழுள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று ஒரு பத்தி. வெறும் "பணம் கட்டு, இல்லையேல் சட்ட நடவடிக்கை" என்ற வக்கீல் நோட்டீஸ் 21-வது பிரிவு நோட்டீஸ் ஆகாது. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒற்றை நடுவர் என்ற வாசகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் (2019) தீர்ப்புக்குப் பிறகு, முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தானாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது. அவர்கள் ஒருவரை நியமித்துக் கடிதம் அனுப்பினால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். அவர் முன் போய் உட்கார்ந்து ஒத்துழைத்துவிட்டுப் பிறகு முறையிட்டால் வீண் சிக்கல். 30 நாளில் உடன்பாடு வராவிட்டால் நடுவரை நியமிக்கக் கோரும் 11-வது பிரிவு மனு; இருக்கை புனே என்பதால் அது பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1996 சட்டத்தின் நான்காம் அட்டவணையை (நடுவர் கட்டணப் பட்டியல்) ஏற்றுக்கொண்ட நடுவரானால் 18.40 லட்சத்துக்கு 45,000-மும் 5 லட்சத்துக்கு மேல் உள்ள 13.40 லட்சத்தில் 3.5%-மும், ஆக 91,900. ஒற்றை நடுவருக்கு 25% கூடுதல், ஆக 1,14,875. இரு பக்கமும் பாதிப் பாதி முன்பணம் கட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் கட்டாவிட்டால் அந்தப் பாதியையும் நீங்களே கட்டித்தான் நகர்த்த வேண்டும், தீர்வில் செலவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

சமரசப்பலகை

எல்லோரும் தீர்வாணை வரைக்கும் போய்விட்டீர்கள். 2 ஆண்டு கழித்துக் கிடைக்கும் தொகைக்கும் 60 நாளில் கிடைக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கவுன்சிலின் முதல் கட்டமே சமரசம்தான், அதைச் சடங்காகக் கழிக்காதீர்கள்.

ஆர்பிட்ரேஷன் பிரிவு இல்லாத மற்ற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன். 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் வணிக நீதிமன்றங்கள் சட்டம் 12ஏ-ன்படி முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். பாட்டீல் ஆட்டோமேஷன் (2022) தீர்ப்புக்குப் பின், 2022 ஆகஸ்ட் 20 முதல் அந்தப் படியைத் தாண்டிய பிராது நிராகரிக்கப்படும். அதைத் தவிர்ப்பதற்காகவே ஒரு பெயரளவு இடைக்கால மனுவை ஒட்டவைத்தால், அது வேஷமா என்று நீதிமன்றம் பார்க்கும் என்பது யாமினி மனோகர் (2023).

நடைமுறை எளிது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, கட்டணம் 1,000 ரூபாய். எதிர்ப்பக்கம் வரவில்லை அல்லது மறுத்துவிட்டது என்றால் படிவம் 3-ல் சமரசம் தொடங்கவில்லை என்ற அறிக்கை கிடைக்கும், அதைப் பிராதோடு இணைக்க வேண்டும். வந்தால் 3 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். சமரசத்தில் கழிந்த காலம் வழக்குக்கான காலவரம்பில் சேராது. சமரசக் கட்டணம் இருவருக்கும் சரிபாதி.

12ஏ-யில் எட்டிய உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்வின் வலு உண்டு, நேராக நிறைவேற்று மனு (பணத்தை வசூலித்துத் தரக் கோரும் மனு) போடலாம். இரண்டு வக்கீல் அலுவலகத்துக்குள் எழுதிக்கொண்ட உடன்பாடு வெறும் ஒப்பந்தம்தான். அதை மீறினால் மறுபடியும் முதலிலிருந்து வழக்கு.

பில்புக்

சமரசத்துக்கு என்ன தயாரித்துக்கொண்டு போக வேண்டும்? உடன்பாட்டில் எந்த வரிகள் விட்டுப்போகும்?

சமரசப்பலகை

இரு லெட்ஜரையும் வரிக்கு வரி ஒப்பிட்ட ஒரே தாள். எங்கே வித்தியாசம் என்று மஞ்சள் குறி. பாதி நேரம் தகராறு அங்கேயே சுருங்கிவிடும். இங்கே பார்த்தால் உண்மையான சண்டை 2.5 லட்சம் டெபிட் நோட்டும் வட்டியும்தான், 15.90 லட்சம் அசலில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வருகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். கம்பெனி என்றால் போர்டு தீர்மான நகலைக் கேளுங்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்பவரோடு மூன்று அமர்வு போனால் அது பேச்சாக இருக்கும், உடன்பாடாகாது.

உடன்பாட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது தவணை தவறினால் என்ன என்பது. ஒரு தவணை 7 நாள் தாண்டினால் மொத்தப் பாக்கியும் தள்ளுபடி நீங்கி, முழு அசலும் வட்டியும் உடனே கொடுக்க வேண்டியதாகும் என்று எழுத வேண்டும். தவணைத் தேதிகள் நாட்காட்டித் தேதிகளாக இருக்கட்டும். "சரக்கு விற்றதும்" போன்ற வாசகம் வேண்டாம். டிடிஎஸ் பிடிப்பார்களா, எந்தக் கணக்குக்குப் பணம், செக்யூரிட்டி செக்கை எப்போது திருப்புவது என்பதையும் சேருங்கள்.

லெட்ஜர்_லட்சுமி

சமரசப்பலகைக்கு ஒரு சேர்க்கை. தள்ளுபடி தரும்போது ஜிஎஸ்டியை மறந்துவிடுகிறார்கள். கிரெடிட் நோட்டில் வரியைக் குறைக்க, சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தான் எல்லை. ஜனவரி 2023 பில்லுக்கு அது 2023 நவம்பரில் முடிந்தது, மற்ற இரண்டுக்கும் 2024 நவம்பரில். இனி 2 லட்சம் தள்ளுபடி செய்தால் அதிலுள்ள வரி விற்றவர் தலையிலேயே விழும். எனவே பேரத்தில் சொல்லும் தொகை வரி உட்பட என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாதமேடை

அந்த 5 லட்சம் செக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கையெழுத்திட்ட வெற்றுச் செக்கைப் பெற்றவர் பூர்த்தி செய்தாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 139-வது பிரிவின் அனுமானம் (கடனுக்காகவே தந்த செக் என்பது) உண்டு என்பது பீர் சிங் (2019). ஆனால் செக்கைப் போடும் நாளில் கடன் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே அதுவும் காலவரம்புக்குள்.

திரும்பினால் மூன்று கெடு: வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் பெற்ற 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸில் கேட்கும் தொகை செக் தொகையான 5,00,000 மட்டுமே. 18.40 லட்சம் கேட்கும் நோட்டீஸையும் இதையும் ஒரே தாளில் கலந்துவிட்டால், செக் தொகையை எங்கே கேட்டாய் என்ற ஓட்டை விழும். இரண்டு நோட்டீஸ், இரண்டு உறை. இடையில் பகுதிப் பணம் வந்திருந்தால் அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போடக் கூடாது. 2022 தசரத்பாய் தீர்ப்பைப் பார்க்கவும். பில்புக் வழக்கில் ஒன்றும் வரவில்லை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

சைபர்_சாட்சியம்

ஈமெயிலும் வாட்ஸப்பும் இங்கே உயிர்நாடி என்பதால் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதி: பகுதி ஏ சாதனத்தைக் கையாண்டவர், பகுதி பி நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) அதில் குறிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். உரையாடலை ஏற்றுமதி செய்து, ஈமெயிலை முழுத் தலைப்புத் தகவலோடு கோப்பாகச் சேமித்து, அன்றே ஹேஷ் எடுத்துவிடுங்கள்.

துறைமுகம்_88

வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால்?

நடுவர்கோப்பு

கவுன்சில் வழியை நம்பி உட்காராதீர்கள். தீர்வை எங்கே நிறைவேற்றுவது என்பதுதான் முதல் கேள்வி. நியூயார்க் உடன்படிக்கையில் (1958) சேர்ந்த நாடானால் ஆர்பிட்ரேஷன் தீர்வு அங்கே செல்லும். இந்திய நீதிமன்றத் தீர்ப்பாணை அப்படி எளிதாகப் போகாது. பரஸ்பர ஏற்பாடு உள்ள நாடுகளில்தான் வழி சுருக்கம், அமெரிக்கா அதில் இல்லை. அதனால் ஏற்றுமதி ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு கட்டாயம். இருக்கை, நடுவர் எண்ணிக்கை, மொழி, நோட்டீஸுக்கான ஈமெயில் நான்கும் அதில் இருக்க வேண்டும்.

கொங்கு_டூல்ஸ்

விற்றவர் பதிவு செய்யாத கூட்டாண்மை நிறுவனமானால் நிலைமை என்ன?

வாதமேடை

கூட்டாண்மைச் சட்டம் 69(2)-ன்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. வாபஸ் வாங்கி, காலவரம்பு இருந்தால் புதிதாகப் போட வேண்டும். ஆர்பிட்ரேஷனுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று உமேஷ் கோயல் (2016) சொல்கிறது. நிறுவனப் பதிவாளர் சான்றையும் கூட்டாளிகள் பெயர் உள்ள பதிவேட்டு நகலையும் இன்றே எடுத்து வையுங்கள்.

பில்புக்

வக்கீல் கட்டணத்தை எப்படிப் பேசுவது? வசூலாகும் தொகையில் 10% என்று ஒருவர் சொல்கிறார்.

வாதமேடை

வழக்கறிஞர் அதைச் சொல்லக் கூடாது. வெற்றியைப் பொறுத்த கட்டணத்தை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்ட வாரியாக எழுதி வாங்குங்கள்: நோட்டீஸ் இரண்டு, கவுன்சில் விண்ணப்பமும் சமரசமும், ஆர்பிட்ரேஷன் கோரிக்கை மனு, சாட்சிக் கட்டம், வாதம், நிறைவேற்று மனு. நிறைவேற்று மனுவை ஆரம்பத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள், கடைசியில் தனிப் பேரமாக வரும் இடம் அதுதான். தட்டச்சு, நகல், பயணம் உள்ளடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈபி_மேசை

நிறைவேற்று மனு என்றதும் வருகிறேன். தீர்வாணை கையில் வந்த பிறகு சொத்தைத் தேடினால் காலி வங்கிக் கணக்குத்தான் கிடைக்கும். இப்போதே தேடுங்கள்.

பழைய செக், நெஃப்ட் விவரத்திலிருந்து அவர்களுடைய வங்கிக் கிளை. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அடமானப் பதிவுகள்: எந்த வங்கிக்கு எந்த இயந்திரம், எந்தக் கட்டடம் அடமானம் என்று தெரியும். அடமானத்தில் இருப்பதை ஜப்தி செய்தால் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். அதைத் துரத்த வேண்டாம். ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வரவேண்டிய பாக்கிகளைப் பாருங்கள். அவர்களுக்குப் பணம் தர வேண்டிய பெரிய வாடிக்கையாளர் யார் என்று தெரிந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 21 விதி 46ஏ-ன்படி அந்த மூன்றாம் நபரிடமே பணத்தை நிறுத்தலாம். லேத் மெஷினை ஜப்தி செய்து ஏலம் விடுவதைவிட இது பல மடங்கு வேகம்.

ஆர்பிட்ரேஷன் தீர்வாக இருந்தால் ஒரு வசதி. சுந்தரம் ஃபைனான்ஸ் (2018) தீர்ப்பின்படி சொத்து இருக்கும் புனே நீதிமன்றத்திலேயே நேராக மனு போடலாம், இங்கிருந்து டிரான்ஸ்மிட் (வேறு நீதிமன்றத்துக்கு மாற்றும் உத்தரவு) வாங்க வேண்டியதில்லை. நீதிமன்றத் தீர்ப்பாணை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 39-வது பிரிவின் மாற்றல் வேண்டும், அதற்கே மாதக்கணக்கு ஆகும். தீர்வை ரத்து செய்யக் கோரி 1996 சட்டத்தின் 34-வது பிரிவு மனு போட்டதாலேயே தீர்வு தானாக நிற்காது. அவர்கள் தனியாகத் தடை வாங்க வேண்டும். மனுவோடு கட்டளை 21 விதி 41-ல் சொத்துப் பட்டியலைப் பிரமாணப் பத்திரமாகக் கேளுங்கள். இயக்குநர் கையெழுத்திட்டுப் பொய் சொல்லத் தயங்குவார், அங்கே பேச்சு மறுபடி தொடங்கும்.

பில்புக்

சரி, வரிசை இப்படி வைக்கிறேன்: இந்த வாரம் ஈமெயில், வாட்ஸப் சேமிப்பு, நிலுவை உறுதிக் கடிதக் கோரிக்கை. ஜனவரி முதல் வாரம் 21-வது பிரிவு நோட்டீஸ், அதே வாரம் கோவைக் கவுன்சிலில் விண்ணப்பம். செக் தனியாக. ஏதாவது முன்னுக்குப் பின்னா?

நடுவர்கோப்பு

ஒன்றே ஒன்று. கவுன்சில் விண்ணப்பத்தில் வட்டிக் கணக்குத் தாளைப் பில் வாரியாக, மாத வாரியாக, அந்தந்தக் காலத்து வங்கி விகிதத்தோடு இணையுங்கள். "சட்டப்படி வட்டி" என்று மட்டும் எழுதிய மனுக்களில் கணக்குத் தாள் கேட்டே இரண்டு அமர்வு தள்ளிப்போகும்.